ஆச்சி பொழுது சாய்ந்துதான் பிழிவாள்

என் வலது முன்கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கையை நோக்கி மூன்று பழுப்புக் கோடுகள் ஓடுகின்றன. இரண்டு நேராகப் போகின்றன. மூன்றாவது பாதி வழியில் ஒதுங்கி ஒரு சொட்டாக முடிகிறது. பார்க்கிறவர்கள் எல்லாரும் “எண்ணெய் தெறிச்சிருச்சா?” என்றுதான் கேட்கிறார்கள். எலுமிச்சம்பழம் என்றால் சிரிக்கிறார்கள். நானும் முதலில் நம்பவில்லை.

சித்திரை வெயில் ஏறினால் எனக்குத் தலைசுற்றல் வந்துவிடும். காலையில் எழுந்ததும் வாய் கசக்கும், காபி வாசனையே குமட்டும். எங்கள் வீட்டுக் கணக்கில் இதற்குப் பெயர் பித்தம். ஆச்சி இருந்தவரை இதற்கென்று ஒரு ஜாடி எலுமிச்சைச் சீரகம் அடுக்களையில் இருக்கும். சீரகத்தைப் புடைத்துக் கல் பொறுக்கி, பீங்கான் ஜாடியில் போட்டு, மூழ்குகிற அளவுக்கு எலுமிச்சைச் சாறு விட்டு, கொஞ்சம் இந்துப்பு சேர்த்து ஒரு ராத்திரி ஊறவிட வேண்டும். மறுநாள் வெயிலில் காயவைத்து, காய்ந்ததை மறுபடி சாற்றில் ஊறப்போட வேண்டும். இப்படி மூன்று தடவை. கடைசியில் சீரகம் கறுத்து, உப்பும் புளிப்பும் பூத்து, வாயில் ஒரு சிட்டிகை போட்டாலே எச்சில் ஊறும். சித்த மருத்துவத்தில் ஒரு சரக்கைச் சாற்றில் ஊறவைத்து உலர்த்தி, திரும்பத் திரும்ப அதையே செய்வதைப் பாவனை என்பார்கள். ஆச்சிக்கு அந்தச் சொல் தெரியாது. ‘மூணு ஊறல், மூணு காய்ச்சல்’ என்பாள்.

ஆச்சி போய் ஆறு வருஷமாகிறது. இந்தத் தடவை நானே செய்துவிடுவோம் என்று இறங்கினேன். கால் கிலோ சீரகம், பதினைந்து பழம். காயவைக்க எப்படியும் மொட்டை மாடிக்குப் போகத்தானே வேண்டும், எல்லாவற்றையும் அங்கேயே வைத்து முடித்துவிடலாம் என்று ஒரு சோம்பேறிக் கணக்கு போட்டேன். காலை பதினொரு மணிக்கு மாடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பழத்தை அறுத்து அறுத்துக் கையாலேயே பிழிந்தேன். கையை உயர்த்திப் பிழியும்போது சாறு விரலிடுக்கு வழியாக வழிந்து முழங்கைக்கு இறங்கியது. துடைக்கவில்லை. எலுமிச்சைதானே.

அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் சாயங்காலம் அந்த இடம் சிவந்து எரிந்தது. அதற்கு மறுநாள் சாறு வழிந்த தடம் மாறாமல் வரிசையாகக் கொப்புளம். விரலிடுக்கிலும் இரண்டு. தோல் மருத்துவர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டது இரண்டே கேள்வி. “எலுமிச்சம்பழம் பிழிஞ்சீங்களா? வெயில்ல இருந்தீங்களா?”

இதற்குப் பைட்டோஃபோட்டோடெர்மடைடிஸ் என்று வாயில் நுழையாத ஒரு பெயர். எலுமிச்சையின் தோலிலும் சாற்றிலும் ஃபியூரனோகூமரின் என்ற வகை வேதிப்பொருள்கள் உண்டு. தோலில்தான் அதிகம். கையால் நசுக்கிப் பிழியும்போது தோலிலிருக்கும் எண்ணெயும் சேர்ந்து வந்துவிடுகிறது. அது மேலே பட்டால் மட்டும் ஒன்றும் ஆகாது. பட்ட இடத்தில் வெயில் விழ வேண்டும். வெயிலின் புற ஊதாக் கதிர் அந்தப் பொருளைத் தூண்டிவிட, அது நம் தோலின் செல்களைச் சுட்டுவிடுகிறது. ஒவ்வாமை கிடையாது, யாருக்கு வேண்டுமானாலும் வரும். உடனே தெரியாமல் ஒன்றிரண்டு நாள் கழித்துக் கிளம்புவதால் யாரும் எலுமிச்சையைச் சந்தேகப்படுவதில்லை. கொப்புளம் ஒரு வாரத்தில் அடங்கிவிட்டது. கறை மாதக்கணக்கில் நிற்கும் என்றார் மருத்துவர். நிற்கிறது.

ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னபோது அவள் ஒரே வரியில் முடித்தாள்: “உங்க ஆச்சி பொழுது சாஞ்சுதான பிழிவா?”

அப்போதுதான் ஞாபகம் வந்தது. சங்கரன்கோவில் பக்கம் எங்கள் ஊர். விளக்கு வைத்த பிறகு, முற்றத்தில் அரிவாள்மணையைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். பிழிந்து முடித்ததும் சாம்பலும் சீயக்காயும் போட்டு முழங்கைவரை தேய்த்துக் கழுவுவாள். மறுநாள் காலையில் சீரகம் மட்டும் வெயிலுக்குப் போகும், இவள் நிழலில் இருந்து காக்கா விரட்டுவாள். ஒரு தடவை நான் பகலில் பழத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்ததற்கு, “ஏட்டி, வெயில்ல உக்காந்து பிழியாத, சாறு கசந்துரும்” என்று விரட்டினாள். கசப்பது என்னவோ, வெயில் படாவிட்டாலும் நேரமானால் கசக்கும்தான். ஆச்சிக்குப் புற ஊதாக் கதிர் தெரிந்திருந்தது என்று கதைவிட எனக்கு ஆசையில்லை. என்றைக்கோ யாருக்கோ கை வெந்திருக்கும். பழக்கம் தங்கிவிட்டது, காரணம் மாறிவிட்டது. நான் செய்முறையை மட்டும் எடுத்துக்கொண்டு பழக்கத்தை விட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

கை ஆறுகிற வரைக்கும் வேறு வேலை ஓடவில்லை. எலுமிச்சையை வைத்து வீட்டில் என்னென்ன வைத்தியம் பார்த்தோம், அதில் எது நிஜம் என்று ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். நாம் எலுமிச்சை என்பது சின்னதாக, உருண்டையாக, மெல்லிய தோலோடு இருக்கும் பழம். புளியங்குடிச் சந்தையிலிருந்து மூட்டை மூட்டையாகப் போகிறதே, அது. ஆங்கிலத்தில் இது லைம். லெமன் என்பது வேறு பழம். பெரிது, நீள்வட்டம், முனையில் ஒரு மூக்கு இருக்கும். நாம் இதற்கும் லெமன் என்றே சொல்லி, லெமன் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். சாப்பாட்டில் பாதகமில்லை. வைத்தியத்தில் இந்தக் குழப்பம் ஆளையே கொன்றிருக்கிறது.

கப்பல்காரர்களைப் பிடித்தாட்டிய, ஈறு வீங்கி ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய்க்கு ஜேம்ஸ் லிண்ட் என்ற கடற்படை மருத்துவர் 1747இல் பன்னிரண்டு பேரை இரண்டிரண்டாகப் பிரித்து ஆறு விதமான வைத்தியம் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் லெமனும் சாப்பிட்ட இருவர்தான் சட்டென்று தேறினார்கள். பிரிட்டிஷ் கடற்படை அதை ஏற்றுக்கொள்ளவே 1795 ஆகிவிட்டது. அப்புறம் ஸ்கர்வி ஏறக்குறைய ஒழிந்துபோயிற்று. 1860களில் மத்தியதரைக்கடல் லெமனை விட்டுவிட்டு, தங்கள் மேற்கிந்தியத் தீவுகளில் விளையும் லைமுக்கு மாறினார்கள். இரண்டும் புளிப்பு, இரண்டும் ஒன்று என்று நினைப்பு. 1875இல் வடதுருவப் பக்கம் போன நேர்ஸ் என்ற பிரிட்டிஷ் கடற்படைத் தலைவரின் பயணத்தில் லைம் சாறு கையிலிருந்தும் ஸ்கர்வி கண்டது. 1918இல் லண்டன் லிஸ்டர் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் கினிப் பன்றிகளுக்குக் கொடுத்துச் சோதித்தபோதுதான், லைம் சாற்றின் வலு லெமனில் கால் பங்குதான் என்று தெரிந்தது. நோயைத் தடுத்தது புளிப்பு அல்ல, வைட்டமின் சி.

அதனால் ‘எலுமிச்சையில் வைட்டமின் சி கொட்டிக்கிடக்கிறது’ என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு லேசாக எரிச்சல் வரும். நூறு கிராம் எலுமிச்சையில் சுமார் 30 மில்லிகிராம். அதே நூறு கிராம் கொய்யாவில் 200க்கு மேல். ஒரு டம்ளர் ஜூஸுக்கு நாம் பிழிவதோ அரைமூடி. வைட்டமினுக்காக என்றால் கொய்யாவைக் கடித்துவிட்டுப் போகலாம். எலுமிச்சையின் பெருமை அதன் அமிலத்திலும் வாசனையிலும் இருக்கிறது. பருப்பு, சுண்டல், கீரையோடு பிழிந்துகொள்ளும்போது மட்டும் அந்தக் கொஞ்சம் வைட்டமினும் உருப்படியான ஒரு காரியம் செய்கிறது. தாவர உணவில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எளிதாக உறிஞ்சும் வடிவத்துக்கு மாற்றித் தருகிறது. சுண்டல் தின்ற கையோடு டீ குடித்தால் அதில் பாதி வீணாகிவிடும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

பித்தத்துக்கு வருகிறேன். வாதம், பித்தம், கபம் என்ற முக்குற்றக் கணக்கில் பித்தம் மிஞ்சினால் சூடு, கசப்பு, குமட்டல், தலைசுற்றல். இன்னும் மிஞ்சித் தலைக்கேறினால் புத்தி பேதலிக்கும். பைத்தியம் என்ற சொல்லே பித்தத்திலிருந்து வந்ததுதான். அதனால்தான் புத்தி கலங்கியவர் தலையில் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். இன்றைக்கும் ஒருத்தர் ஏடாகூடமாகப் பேசினால் “போய் எலுமிச்சம்பழம் தேய்ச்சுக் குளி” என்கிறோம். வைத்தியம் கேலியாகிவிட்டது. நல்லதுதான் என்பேன். மனநோய்க்கு மருத்துவரிடம் போகவேண்டிய எத்தனை பேர், எத்தனை வருஷம், எலுமிச்சையோடும் சாட்டையோடும் எங்கெங்கோ உட்கார வைக்கப்பட்டார்கள்.

ஆனால் பித்தத்தின் கீழ்ப்படி, அதாவது குமட்டலும் வாய்க்கசப்பும், எலுமிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. அந்தப் பஸ்ஸில் ஏறினால் பாதிப் பேர் கையில் ஒரு எலுமிச்சை இருக்கும். சும்மா மோந்தால் அவ்வளவு வாசனை வராது. கட்டைவிரல் நகத்தால் தோலை லேசாகக் கீற வேண்டும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு புகை மாதிரி எண்ணெய் தெறிக்கும், அப்போது மூக்கருகே கொண்டுபோக வேண்டும். வாசனை மங்கியதும் அடுத்த கீறல். இறங்கும்போது பழம் முழுக்கப் பிறை பிறையாக நகக்குறி இருக்கும். கர்ப்பிணிகளுக்கு வரும் மசக்கைக் குமட்டலுக்கு லெமன் எண்ணெயை மோந்து பார்க்கச் சொல்லி ஈரானில் ஒரு சோதனை நடந்தது. 2014இல் வெளியானது, நூறு பெண்கள். மோந்தவர்களுக்குக் குமட்டல் குறைந்தது. பஸ் பயணத்துக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது என்றாலும், ஆச்சி முந்தானையில் முடிந்து தந்த பழம் வெறும் நம்பிக்கை இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

நகச்சுற்றுக்குப் பழம் மாட்டியதை எங்கள் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எனக்கு ஐந்தாவது படிக்கும்போது ஆள்காட்டி விரல் வீங்கி, நகத்தைச் சுற்றி விண்விண்ணென்று தெறித்தது. ஆச்சி ஒரு பழத்தின் காம்புப் பக்கம் கத்தியால் குடைந்து, விரல் நுழைகிற அளவுக்குத் துளை போட்டு, உள்ளே ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டாள். விரலை அதற்குள் திணித்து, கிழிசல் துணியால் மணிக்கட்டோடு கட்டினாள். முதல் ஒரு நிமிஷம் உயிர் போகும். அப்புறம் குளிர்ந்துகொண்டே போய், தெறிப்பு அடங்கித் தூக்கம் வரும். ராத்திரி எழுந்தால் விரல் நுனியில் ஒரு மஞ்சள் பந்து. காலையில் உருவியபோது தோல் வெளுத்துச் சுருங்கி, சீழ் தானாக உடைந்திருந்தது. ஈரத்தில் ஊறித் தோல் இளகியதுதான் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். இன்றைக்கு மருத்துவர்களும் ஆரம்பக் கட்ட நகச்சுற்றுக்கு விரலை வெதுவெதுப்பான நீரில் அடிக்கடி ஊறவைக்கத்தான் சொல்கிறார்கள். அந்தப் பழம் விரலை யாரும் இடிக்காமலும் பார்த்துக்கொண்டது, ஐந்தாவது படிக்கிற பிள்ளைக்கு அது சின்ன விஷயமில்லை. சர்க்கரை நோய் இருப்பவர்கள் இந்த விளையாட்டில் இறங்கக் கூடாது. சிவப்பு விரலைத் தாண்டிக் கைக்கு ஏறினாலும் அப்படித்தான்.

வயிற்றுப்போக்குக்கு எலுமிச்சை, உப்பு, சர்க்கரை போட்ட தண்ணீர். இதில் ஒரு திருத்தம் மட்டும் உண்டு. வேலை செய்வது உப்பும் சர்க்கரையும். சர்க்கரை இருந்தால்தான் குடல் உப்பை உள்ளே இழுக்கும், உப்போடு தண்ணீரும் போகும். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு அரை டீஸ்பூன் உப்பு, ஆறு டீஸ்பூன் சர்க்கரை, இரண்டும் தலை தட்டி. எலுமிச்சை இங்கே சுவைக்கு. குமட்டிக்கொண்டிருக்கும் பிள்ளை அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டுமே. கடையில் வாங்கும் ஓஆர்எஸ் பொட்டலத்திலும் எலுமிச்சையின் அமிலத்திலிருந்து வரும் வகையான ஒரு சிட்ரேட் உப்பு இருக்கிறது என்பது தற்செயல் ஒற்றுமைதான், இருந்தாலும் எனக்குப் பிடித்தது. நோய் வருமுன் காப்பதில் எலுமிச்சைக்கு இன்னும் நல்ல சாட்சி உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் கினி-பிசாவில் 1990களின் நடுவில் காலரா பரவியபோது, சோற்றுக்கு ஊற்றும் குழம்பில் எலுமிச்சை பிழிந்து சாப்பிட்ட வீடுகளில் நோய் குறைவாக இருந்ததைக் கண்டார்கள். காலராக் கிருமிக்கு அமிலம் ஆகாது. குழம்பில் அது பெருகாமல் சாறு தடுத்துவிடுகிறது.

சிறுநீரகக் கல் விஷயத்தில் எங்கள் சித்தப்பா ஒரு தனிப் புராணம். 9 மில்லிமீட்டர் கல். வாழைத்தண்டுச் சாறும் எலுமிச்சையும் கலந்து இரண்டு மாதம் குடித்தார். கல் கரைந்துகொண்டே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒருநாள் நடுராத்திரி சுருண்டு விழுந்து, ஆஸ்பத்திரியில் உடைத்துத்தான் எடுத்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், டிஸ்சார்ஜ் ஆகும்போது அந்த டாக்டரே “தினமும் எலுமிச்சை ஜூஸ் குடிங்க” என்றார். சித்தப்பா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! இரண்டும் முரண் இல்லை. எலுமிச்சையின் சிட்ரேட் சிறுநீரில் கால்சியத்தோடு சேர்ந்துகொண்டு, அது ஆக்ஸலேட்டோடு கூடிக் கல்லாவதைத் தடுக்கிறது. அதாவது அடுத்த கல்லை வரவிடாமல் செய்ய உதவும். உள்ளே உறைந்துபோன கால்சியக் கல்லைக் கரைக்காது. ஆராய்ச்சிகளில் கொடுத்துப் பார்த்த அளவும் நம் அரைமூடிக் கணக்கு இல்லை, 120 மில்லி சாற்றை இரண்டு லிட்டர் தண்ணீரில் கலந்து நாள் முழுக்கக் குடிப்பது. அதில் பாதி வைத்தியம் அந்த இரண்டு லிட்டர் தண்ணீர்தான். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கல் பெரும்பாலும் தானாகவே போய்விடும். வாழைத்தண்டுக்குக் கிடைத்த நல்ல பெயரில் பெரும்பங்கு அப்படி வந்தது என்பது என் அபிப்பிராயம். சித்தப்பா இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது ஊர் முழுக்க நடக்கிற வைத்தியம் வெறும் வயிற்றில் வெந்நீர், எலுமிச்சை, தேன். இது எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை. வெறும் வயிற்றில் புளிப்பு ஆகாது என்பது ஆச்சியின் சட்டம். உடம்பு இளைக்கிறது என்றால் காலையில் இரண்டு இட்லியும் சர்க்கரை போட்ட காபியும் குறைந்ததால் இளைக்கிறது. கொழுப்பைக் கரைக்கும் சாமர்த்தியம் எலுமிச்சைக்கு இல்லை. பல்லைக் கரைக்கும் சாமர்த்தியம் உண்டு. பல்லின் மேல்பூச்சான எனாமல், புளிப்பை அளக்கும் பி.எச். எண் (குறையக் குறைய அமிலம் கூடுதல்) 5.5க்குக் கீழே போனாலே கரைய ஆரம்பிக்கிறது, எலுமிச்சைச் சாறு 2க்குக் கொஞ்சம் மேலே. குடிக்கத்தான் வேண்டும் என்றால் மடமடவென்று குடித்துவிட்டு வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். உடனே பிரஷ்ஷை எடுக்காதீர்கள், இளகியிருக்கும் எனாமலைத் தேய்த்தே எடுத்துவிடும். முகம் வெளுக்க எலுமிச்சை தேய்த்துக்கொண்டு வெளியே கிளம்பும் பெண்களுக்கு என் கையைக் காட்டுகிறேன்.

நாய்க்கடிக்கு எலுமிச்சை தேய்ப்பது ஒன்று உண்டு. இதில் மட்டும் சிரித்துப் பேச எதுவுமில்லை. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசி போடப் போக வேண்டும். ரேபிஸ் வந்துவிட்டால் மருந்து கிடையாது.

காய்ச்சலில் படுத்து எழுந்தவருக்கு ‘நாக்குச் செத்துப்போயிருச்சு’ என்பார்களே, அதற்கு உப்பு எலுமிச்சையை விட்டால் ஆள் கிடையாது. பழத்தை நாலாகக் கீறி, பிளவில் கல்லுப்பு அடைத்து, ஜாடியில் தினம் குலுக்கி, வெயிலில் வைத்து வைத்து எடுத்தால் வருஷக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். கஞ்சியோடு ஒரு சிறு துண்டு. நுனி நாக்கில் பட்டதும் காதுக்குக் கீழே தாடை இழுக்கும், எச்சில் பொங்கும், பசி என்று ஒன்று இருந்தது நினைவுக்கு வரும். எலுமிச்சைச் சீரகம் செய்வதும் ஏறக்குறைய இதுதான் என்பது என் அனுமானம். ரத்த அழுத்தக்காரர்கள் துண்டின் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பாதிக்குப் பாதி உப்பு.

அந்தச் சீரகம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கையில் கட்டோடு இருந்ததால் இரண்டாவது ஊறலுக்கும் மூன்றாவது ஊறலுக்கும் என் மகள்தான் பிழிந்தாள். ராத்திரி எட்டு மணிக்கு, அடுக்களையில், ட்யூப்லைட் வெளிச்சத்தில். ஏதோ ஆபரேஷன் தியேட்டர் மாதிரி பாத்திரம் தேய்க்கிற ரப்பர் கையுறை வேறு போட்டுக்கொண்டாள். கையுறையெல்லாம் எதற்கு, முடித்ததும் நன்றாகக் கழுவினால் போதும் என்றேன். என் முழங்கையை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

கால் கிலோ போட்டதில் ஒரு பூஸ்ட் பாட்டில் முக்கால்வாசி வந்தது. ஆச்சி செய்ததைவிடக் கொஞ்சம் உப்பு தூக்கல்.